மூன்று பேருக்கு ஒரே தொகை: காவல் வாகன விபத்து இழப்பீடு குறித்து ஒரு திறந்த மடல்

எங்கள் மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும், மாநில உள்துறைச் செயலர் அவர்களுக்கும்,

கடந்த மாதம் நடந்த மக்கள் நீதிமன்ற அமர்வில், காவல் ரோந்து வாகனம் மோதிக் காயமடைந்த மூன்று பேருக்கும் தலா 1,50,000 ரூபாய் தந்து வழக்கை முடித்துக்கொள்ள உங்கள் துறை முன்வந்திருப்பதாக எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. அந்த மூவரில் ஒருவர் என் அம்மா. மூவரின் காயமும் வேறு, வயதும் வேறு, தொழிலும் வேறு. தொகை மட்டும் ஒன்றாக இருந்தது. இந்தத் தொகைக்கு எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டபோது, கோப்போடு வந்திருந்த அலுவலர், "மேலேயிருந்து சொன்ன தொகைம்மா, எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றார். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட எங்களால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நகரத்தின் பெயரையும், காவல் நிலையத்தின் பெயரையும், வாகன எண்ணையும் இங்கே குறிப்பிடவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. தனி மனிதர் எவரையும் ஊர் முன் நிறுத்துவதும் என் நோக்கமல்ல. கோப்பு உங்களிடம் இருக்கிறது. அந்தக் கோப்பில் இல்லாதவற்றையும், இருந்தும் யாரும் படிக்காதவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

2022 டிசம்பரில், மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. மார்கழியில் கோயிலுக்கும் வீட்டுக்கும் பூ கூடுதலாக வேண்டும். பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலையும் ஏறியிருக்கும். சீக்கிரம் போனால்தான் கட்டுப்படியாகும் விலைக்கு உதிரிப்பூ கிடைக்கும் என்பதால் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே பூச்சந்தைக்குப் போய்விட்டார். ஐந்து மணி பத்து நிமிடத்துக்குச் சந்தை வாசலில், சாலையின் ஓரத்தில், கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நான்கடி தள்ளி, பால் பாக்கெட் போடும் இளைஞர் ஒருவர் தன் இருசக்கர வாகனத்தை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். டீக்கடை வாசல் திண்ணையில், சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்த் தடத்தில் வந்த உங்கள் ரோந்து வாகனம், சாலைத் தடுப்பின் இடைவெளி வழியாகத் திரும்பும்போது கட்டுப்பாட்டை இழந்து முதலில் இருசக்கர வாகனத்தின் மீதும், பிறகு அம்மாவின் மீதும் மோதி, திண்ணையை இடித்து நின்றது.

அன்று பிற்பகல் டீக்கடைக்காரர் தன் கடைக் கேமராவில் பதிவானதை எனக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் பதினொரு வினாடிகள். வாகனத்தின் முன்விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. மேலே இருக்கும் சுழல்விளக்கு எரியவில்லை. கேமராவில் ஒலிப்பதிவு கிடையாது. ஆனால் சைரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று அங்கே இருந்த மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை, விசாரணைக்கு வேண்டும் என்று சொல்லிக் காவலர் ஒருவர் அந்தப் பதிவுக் கருவியை எடுத்துப் போனார். கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் மகஜர் எழுதவில்லை, ரசீதும் தரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வழக்கறிஞர் கேட்டபோது, பதிவை மீட்க முடியவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பயணப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டேன். விசாரணைக்கு இடையூறாக இருக்கும் என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

முதல் தகவல் அறிக்கையில், பாதசாரிகள் திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடிவந்ததால் விபத்து நேர்ந்ததாக எழுதியிருக்கிறது. கூடையோடு நின்ற பெண் ஓடினார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அறுபத்தொரு வயதுப் பெரியவர் எந்தச் சாலையின் குறுக்கே ஓடினார் என்று அந்த அறிக்கையை எழுதியவரோ, அதில் கையெழுத்திட்டவரோ, அதை வைத்து எங்கள் மனுவுக்கு உங்கள் துறையின் பதிலான எதிருரையைத் தயாரித்தவரோ ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

உங்கள் எதிருரை இரண்டு காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, வாகனம் அவசரப் பணியில் இருந்தது என்பது. அவசரப் பணி வாகனங்களுக்குச் சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சலுகை தருகின்றன. ஆனால் அந்தச் சலுகை விளக்கும் சைரனும் இயங்கும்போதுதான் உண்டு. அப்போதும் மற்றவர்களுடைய பாதுகாப்பைக் கருதி எச்சரிக்கையாக ஓட்ட வேண்டிய கடமை ஓட்டுநருக்கு இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்பதைக் காட்டக்கூடிய ஒரே பதிவு உங்கள் பொறுப்பில் இருந்தபோது காணாமல் போயிருக்கிறது. எந்த அவசரத்துக்காக, யாருடைய அழைப்பின் பேரில் அந்த வாகனம் போனது என்பதைச் சொல்லக்கூடிய பதிவேட்டையும் தர மறுக்கிறீர்கள். அப்படியிருக்க, அவசரப் பணி என்ற சொல்லை மட்டும் எங்கள் முன் வைப்பது எப்படி நியாயமாகும்?

இரண்டாவது காரணம் என்னை அதிகமாகப் பாதித்தது. ரோந்து என்பது அரசின் இறையாண்மைப் பணி, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சிப் பணி என்றும், ஆகவே அதன்போது நேரும் விபத்துக்கு அரசு பொறுப்பாகாது என்றும் உங்கள் எதிருரை வாதிடுகிறது. இந்த வாதத்துக்கு வயது அதிகம். இந்தியச் சட்ட ஆணையம் 1956இல் அளித்த முதல் அறிக்கையே, அரசு ஊழியரின் தவறால் குடிமகனுக்கு ஏற்படும் தீங்குக்கு அரசின் பொறுப்பு என்ன என்பது பற்றியதுதான். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்னால், 1952 பிப்ரவரியில், உதயப்பூர் மாவட்ட ஆட்சியரின் ஜீப் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பி வரும்போது, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் மீது மோதியது. மண்டையோடும் முதுகெலும்பும் முறிந்து மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி மூன்று வயது மகளோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் ஓட்டுநர் மட்டுமே பொறுப்பு என்றது. உயர் நீதிமன்றம் அரசும் பொறுப்பு என்று 15,000 ரூபாய் வழங்கியது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962இல் 'ராஜஸ்தான் அரசு எதிர் வித்யாவதி' என்ற அந்த வழக்கில், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு வேறெந்த முதலாளியையும் போலவே அரசும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 15,000 ரூபாய்க்காக ஒரு விதவையைப் பத்தாண்டுகள் அலைய விட்ட வாதம் அது. காவல்துறை கைப்பற்றிய தங்கம் பற்றிய கஸ்தூரிலால் வழக்கில் 1964இல் அதே இறையாண்மை வாதம் வென்றது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய அமர்வே, இந்த நிலைமை திருப்திகரமாக இல்லை, சட்டமன்றங்கள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று சேர்த்து எழுதியது. அம்மாவிடம் இந்த வாதத்தை நான் விளக்கிச் சொன்னேன். "வண்டி கவர்மென்டுது, கை என்னோடதுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இப்போது அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பில் அது 'வலது முழங்கை எலும்பு முறிவு, நரம்புப் பாதிப்பு, 35 சதவீதம் ஊனம்' என்ற அளவில் நின்றுவிடுகிறது.

அம்மா முப்பது ஆண்டுகளாகப் பூக் கட்டுபவர். இடக்கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பூக்களைக் காம்புக்குக் காம்பாக அடுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஈர வாழைநாரைச் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது: கூடுதலாக இழுத்தால் மல்லிகையின் காம்பு நசுங்கிவிடும், குறைவாக இழுத்தால் சரம் தலையில் நிற்காது. இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு அம்மாவின் முழங்கை முழுவதும் நீளுவதில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை பக்கமாக மடங்கியே இருக்கின்றன. மருத்துவக் குழுவின் முன் போனபோது, மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுமுனையை மெதுவாக இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு அவர் கைக்குப் போய்விட்டது. அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு பலமாகப் பிடித்தார் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அதைவிடவும் எனக்கு வலிப்பது முழம். பூவை முழக்கணக்கில் விற்கிறோம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அம்மாவுக்குத் தராசு, அளவுகோல் எல்லாம் அந்தக் கைதான். 'அக்கா முழம் தாராளம்' என்று தெருவில் பெயர் எடுத்தவர் அவர். அளந்து முடித்தபின் இரண்டு விரற்கடை விட்டுத்தான் நறுக்குவார். இப்போது அந்தக் கை நீளாது, விரல்கள் விரியாது. அதில் அளந்தால் முழம் குறைகிறது. விபத்துக்குப் பிறகு மீண்டும் கடை போட்ட முதல் வாரத்திலேயே, வழக்கமாக வாங்கும் ஒருவர் தன் கையில் அளந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, முழத்துல கை வைக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அன்று அம்மா மீதிப் பூவை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இடக்கையில் அளக்கலாமே என்று உங்கள் துறை சார்பில் வந்தவர் அமர்வில் கேட்டார். இடக்கையில் அளக்க வேண்டுமானால் சரத்தின் முனையை வலக்கை விரல்களால் பிடித்து இழுக்க வேண்டும், ஐயா. அந்தப் பிடிதான் போயிருக்கிறது.

இதனால்தான் 35 சதவீதம் என்ற எண்ணை வைத்து மட்டும் கணக்குப் போடக்கூடாது என்கிறேன். இது என் சொந்தக் கருத்தல்ல. 'ராஜ்குமார் எதிர் அஜய்குமார்' என்ற வழக்கில் 2010இல், உறுப்பின் ஊனச் சதவீதம் வேறு, அதனால் பிழைப்பில் ஏற்படும் இழப்பின் சதவீதம் வேறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. இடக்கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறத்தாழ நூறு சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டுச் சொல்கிறது.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். ஆகவே எண்களையும் உங்கள் முன் வைக்கிறேன். அம்மாவின் வருமானம் மாதம் சுமார் 12,000 ரூபாய். சம்பளச் சான்று இல்லை என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. பூக்காரருக்கு யார் சம்பளச் சான்று தருவார்கள்? 2008இல் விபத்துக்குள்ளான ஒரு காய்கறி வியாபாரியிடம் எந்த ஆவணமும் இல்லாத நிலையில், அவருடைய மாத வருமானத்தை 6,500 ரூபாயாக 2014இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. விபத்தின்போது அம்மாவுக்கு 48 வயது; சுயதொழில் செய்யும் அந்த வயதினருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்க்க வேண்டும், ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கான பெருக்கெண் 13 என்பவை உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்து நாடெங்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் அளவுகள். அதன்படி ஆண்டு வருமானம் 1,44,000. உயர்வையும் சேர்த்தால் 1,80,000. பதின்மூன்றால் பெருக்கினால் 23,40,000. பிழைப்பின் இழப்பு வெறும் 35 சதவீதம்தான் என்று உங்கள் பக்கமே நின்று கணக்கிட்டாலும் 8,19,000 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் வராத வருமானம், வலி, வேதனை எதையும் இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை. நீங்கள் தருவதாகச் சொன்னது 1,50,000.

இதைவிட ஒரு சிறிய எண்ணும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, கொடுங்காயம் அடைந்தவருக்கு, யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், இரண்டரை லட்சம் ரூபாய் தரச் சொல்கிறது. அதைத் தர வேண்டியவர் வாகனத்தின் உரிமையாளர் அல்லது காப்பீட்டாளர். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். உங்கள் முதல் தகவல் அறிக்கையிலேயே கொடுங்காயத்துக்கான பிரிவு இருக்கிறது. தவறே நிரூபிக்காதவருக்குச் சட்டம் தரும் தொகையைவிட ஒரு லட்சம் குறைவாக, 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு தர முன்வந்ததைச் சமரசம் என்று எப்படிச் சொல்வது? மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. படித்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்ததால் அம்மா கையெழுத்துப் போடவில்லை. பால் போடும் இளைஞர் பேனாவை வாங்கிவிட்டார், நான்தான் தடுத்தேன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது 25 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடங்களில் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாததால் அடுக்குமாடி வீடுகளுக்குப் பால் போடும் வேலை போய்விட்டது. சுமை தூக்கும் பெரியவருக்கு விலா எலும்பு கூடிவிட்டது. ஆனால் தலையில் அடிபட்டதிலிருந்து மூட்டையைத் தலையில் ஏற்றினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒருவருக்கு முன்னால் இன்னும் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. இன்னொருவருக்கு இருந்ததே சில ஆண்டுகள்தான், அவையும் போய்விட்டன. இந்த இருவரையும் என் அம்மாவையும் ஒரே தொகைக்குள் அடக்கியவர் மூவரில் எவரையும் நேரில் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தனியார் லாரி ஒன்று மோதியிருந்தால் நடந்திருப்பதே வேறு. காவல்துறை விசாரித்திருக்கும், காப்பீட்டு நிறுவனம் பணம் தந்திருக்கும், தீர்ப்பாயம் இருவருக்கும் நடுவில் இருந்திருக்கும். 2022இல் வந்த விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, பத்து நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை விளக்கும் படிவம், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கை, அதன்பின் 30 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவன அலுவலரின் சமரசத் தொகை என்று எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. எங்கள் விஷயத்தில் மோதியவரும் நீங்கள், விசாரித்தவரும் நீங்கள், அறிக்கை எழுதியவரும் நீங்கள், பணம் தர வேண்டியவரும் நீங்கள். வணிக நோக்கமில்லாத அரசு வாகனங்களுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்று சட்டத்தின் 146ஆம் பிரிவு விலக்குத் தந்திருப்பதால், இடையில் நின்று கணக்குப் பார்க்க ஒரு காப்பீட்டு நிறுவனம்கூட இல்லை. உரிமைகளை விளக்கும் படிவம் எங்கள் மூவரில் எவருக்கும் தரப்படவில்லை. அதற்குப் பதிலாக, "கேஸ் முடியட்டும்மா, அப்புறம் நஷ்டஈடு பத்திப் பேசலாம்" என்று நிலையத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் இருப்பதை ஐந்தாவது மாதத்தில் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் சொன்னபடி காத்திருந்தால் எங்கள் உரிமையே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

வாகனத்தை ஓட்டிய காவலரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. விபத்து நடந்ததும் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் அவர்தான். நான்காம் நாள் சீருடை இல்லாமல், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். முந்தின நாள் காலையிலிருந்து பணியில் இருந்ததாகவும், விடியற்காலையில் ஒரு நொடி கண் அசந்துவிட்டதாகவும் அம்மாவிடம் சொல்லி அழுதார். "விடுங்க தம்பி, வேணும்னா செஞ்சீங்க?" என்று அம்மாதான் அவரைத் தேற்றினார். இரண்டு மாதம் கழித்து அவர் தந்த வாக்குமூலத்தில் சைரனும் சுழல்விளக்கும் இயங்கிக்கொண்டிருந்தன, பாதசாரிகள் குறுக்கே ஓடிவந்தார்கள் என்று இருக்கிறது. அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. இழப்பீட்டுத் தொகையைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவரிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று நினைக்கும் ஒருவரிடமிருந்து உண்மையை எதிர்பார்க்க முடியாது. இரவு முழுவதும் கண் விழித்தவரை விடியற்காலையில் ஸ்டியரிங் முன் உட்கார வைத்தது யார் என்ற கேள்விக்குப் பதில் அந்த வாக்குமூலத்தில் இல்லை, உங்கள் பணிப் பட்டியலில் இருக்கிறது.

இனி எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

மூவருக்கும் ஒரே தொகை என்ற முன்மொழிவைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வயது, தொழில், வருமானம், ஊனம் ஆகியவற்றை வைத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை எழுத்தில் தாருங்கள். தொகையில் நாங்கள் உடன்படாமல் போகலாம். ஆனால் எந்த அடிப்படையில் அந்தத் தொகை வந்தது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டோம். அப்படிக் கணக்கிட்ட தொகை எதுவும் சட்டத்தின் 164ஆம் பிரிவு சொல்லும் இரண்டரை லட்சத்துக்குக் குறையக்கூடாது.

எதிருரையிலிருந்து இறையாண்மை வாதத்தையும், குறுக்கே ஓடிவந்தார்கள் என்ற கூற்றையும் நீக்குங்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் விஷயத்திலாவது அதை இந்த வாரமே செய்யலாம்.

விசாரணையை உங்கள் ஆணையரகத்தோடு தொடர்பில்லாத வேறொரு பிரிவிடம் ஒப்படையுங்கள். பயணப் பதிவேடு, கட்டுப்பாட்டு அறையின் அழைப்புப் பதிவு, அந்த வாரத்தின் பணிப் பட்டியல் மூன்றையும் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யுங்கள். டீக்கடையிலிருந்து எடுத்த பதிவுக் கருவி இப்போது எங்கே இருக்கிறது, அதை யார் எப்போது திறந்தார்கள் என்பதற்கும், அதைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினீர்களா என்பதற்கும் பதில் தாருங்கள்.

ஓட்டுநரான காவலரின் சம்பளத்திலிருந்து இந்த இழப்பீட்டைப் பிடிக்கப் போவதில்லை என்று அவருக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். அதன்பின் அவரிடம் மீண்டும் ஒருமுறை வாக்குமூலம் வாங்குங்கள்.

உள்துறைச் செயலர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சட்டம் விலக்குத் தந்திருந்தாலும் காவல் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. அது இயலாது என்றால், அரசு வாகன விபத்துகளுக்கென ஒரு நிதியையும், காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்திருக்கும் அதே 30 நாள் கெடுவில் தொகையைச் சொல்ல வேண்டிய ஓர் அலுவலரையும் ஏற்படுத்துங்கள். தீர்ப்பு வந்தும் பணம் வராததால் பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காவல் ஜீப்பை ஜப்தி செய்ய நீதிமன்ற அமீனா வந்து நிற்கும் நிலையை எந்தக் குடிமகனும் விரும்ப மாட்டான், நானும் விரும்பவில்லை. தீர்ப்புக்குப் பின் 30 நாட்களில் பணத்தைக் கட்டச் சட்டம் சொல்கிறது. அதை அரசே முதலில் கடைப்பிடிக்கட்டும்.

காவல் வாகன விபத்துகள் எத்தனை, அவற்றுக்கு எவ்வளவு இழப்பீடு தரப்பட்டது, எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சிகாகோ நகரில் காவல்துறை மீதான வழக்கை ஒரு லட்சம் டாலருக்கு மேல் தந்து சமரசம் செய்ய வேண்டுமானால் நகர மன்றம் வாக்கெடுத்து ஒப்புதல் தர வேண்டும். நியூயார்க் நகரின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி நகரம் மீதான இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பற்றி ஆண்டு அறிக்கை வெளியிடுகிறார். அங்கெல்லாம் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே தொகை 'மேலேயிருந்து' வந்தால், மேலே இருப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அடுத்த அமர்வு வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அன்று அம்மா உதிரி மல்லிகையும் நாரும் கொண்டுவருவார். தொகையை முடிவு செய்யும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலரை, கோப்பைச் சுமந்து வருபவரை அல்ல, அன்று நேரில் அனுப்புங்கள். அவர் என் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் ஒரு முழம் பூக் கட்டி அளந்து காட்டும் வரை இருந்து பார்க்கட்டும். முன்பெல்லாம் அம்மாவுக்கு அது இரண்டு நிமிட வேலை. இப்போது கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை அவர் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூக்காரர் ஒருவரின் மகள்